ஃபெர்ரி பார்த்து எடுத்த பேப்பர்

பாம்பூஃப்ளாட்டுக்காரர்களுக்கு எதையும் அக்கரைக்குப் போகும் ஃபெர்ரிப் படகை வைத்துத்தான் யோசிக்க வரும். கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும் சரி, பல் பிடுங்கப் போனாலும் சரி, முதலில் பார்ப்பது அதைத்தான். ரோசலின் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். அக்கரையில் போர்ட் பிளேர் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்ததும், எந்தெந்தப் பேப்பர் எடுப்பது என்று அவள் போட்ட திட்டம் மட்டும் வேறு எப்படி இருக்கும்?

தனக்கு மட்டும் போட்டிருந்தால் தொலைகிறது. கூடப் படித்த சௌமியாவுக்கும் சேர்த்துப் போட்டாள். சௌமியா வடக்கே தூரத்திலுள்ள மாயாபந்தர்க்காரி, பாம்பூஃப்ளாட்டில் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். மூன்று வருஷப் பட்டத்துக்கு மேல் நாலாம் வருஷ ஆராய்ச்சிக்கு இடம் வாங்கி, காடு திருத்திக் குடியேறிய தன் ஊர்க் குடும்பங்களைப் பற்றி எழுத வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. இடம் கிடைத்தால் படி, இல்லையா, மூன்றாம் வருஷத்தோடு ஊருக்கு வந்துவிடு என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

பழைய ஆவணங்களைப் படிக்கக் கற்றுத்தரும் பேப்பரை எடுக்கலாம் என்று சௌமியாதான் முதலில் சொன்னாள். பாழாய்ப்போன வகுப்பு காலங்காத்தாலே இருந்தது. வேலைக்குப் போகிற கூட்டத்தோடு முதல் ஃபெர்ரியில் இடிபட்டுப் போக வேண்டும்.

“சோடு யார், விட்டுத்தள்ளு. அத பொறவு எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். சுற்றுலா பேப்பர்னா மத்தியானம்தான், அலுங்காம போயிட்டு வரலாம்” என்றாள் ரோசலின். ஊர் தெரிந்தவள் சொல்கிறாளே என்று சௌமியாவும் தலையாட்டிவிட்டாள். அந்த ஆவணப் பேப்பர் முதல் வருஷத்தில் மட்டும்தான் உண்டு என்பதை இரண்டு பேருமே விசாரிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் இரண்டு பேரும் ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது துறைத்தலைவி இந்திராணி மேடம் கையை விரித்துவிட்டார். ஆவணப் பேப்பர் இல்லாமல் இடம் கிடையாதாம். வேண்டுமானால் ஒரு வருஷம் கூடுதலாக இருந்து, முதல் வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிக்கலாமாம். வீட்டிலிருந்து போய்வரும் ரோசலினுக்கு அது சரிப்படும். சௌமியாவுக்கு எப்படிச் சரிப்படும்?

இப்படித் திட்டம் போட்டுக் கொடுத்தது யார் என்று மேடம் கேட்டார்.

“நானேதான் மேடம் எடுத்தேன்” என்றாள் சௌமியா.

சாத்தம் ஜெட்டிப் படகுத்துறையில் ஃபெர்ரிக்காக நிற்கும்போது ரோசலினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உன் படிப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே, உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன், என்னை நாலு வார்த்தை திட்டிவிடு என்று என்னென்னவோ புலம்பினாள். சௌமியா தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“அப்பா கேக்க மாட்டாரு, விடு. நீ எப்படியும் ஒரு வருஷம் இருந்து படிப்பேல்ல? என் டாபிக்க நீ எழுது ரோசி. அங்க யார் யார்ட்ட பேசணும்னு நான் சொல்றேன். வந்தா எங்க வீட்லயே தங்கிக்க.”

திட்டியிருந்தால்கூட ரோசலின் தாங்கியிருப்பாள். ஃபெர்ரி வந்து ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அவள் பாட்டிலைப் பிடித்தபடி ஜெட்டியிலேயே நின்றாள்.