ஒருமனதாக

எங்கள் ரயில்வே காலனியின் வரலாறாம். நகராட்சி வழவழப்பான தாளில் அச்சடித்து, வெளியீட்டு விழாவுக்கு முன்பே வீடுவீடாகக் கொடுத்தது. ‘காலனி மக்கள் ஒருமனதாகக் கையுயர்த்தி நகரத்தோடு இணைந்தனர்’ என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. படித்ததும் காறித் துப்பலாம் போலிருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில்தான் அந்தக் கூட்டம். மேடையில் நகராட்சிக் கமிஷனர். பக்கத்தில் என் மச்சான், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கவுன்சிலர் பதவிக்கு அப்போதே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தவர். இணைப்பைப் பற்றிக் கமிஷனர் பேசி முடித்ததும், சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்காமல், மச்சான் தன் பையிலிருந்து பச்சைக் கொடியை எடுத்து விரித்துக் காட்டினார். வண்டி கிளம்பும்போது ஒருவர் பச்சை காட்டினால் எதிரே நிற்பவன் கையைத் தூக்கிப் பதில் காட்ட வேண்டும். எங்கள் தொழிலில் அது மூச்சு விடுவது மாதிரி. ஹாலிலிருந்த அத்தனை கையும் மேலே போயிற்று. கமிஷனர் குறித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். முப்பது வருஷம் ரயில் கார்டாகக் குப்பை கொட்டிய மகா புத்திசாலி, நானும்தான் தூக்கினேன்.

அப்புறமென்ன? தூக்கம் கெடுகிறதென்று நகரத்துத் துரைமார் மனுப் போட, முதலில் எஞ்சின்கள் நிற்கும் லோகோ ஷெட்டின் சங்கு நின்றது. பிறகு ஷெட்டையே இடித்து ஜவுளிக்கடை கட்டினார்கள். டிரைவர் வீட்டு வரிசையும் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வீட்டு வரிசையும் வார்டு அறுபத்தொன்று ஆயின. அதற்கு மச்சான் கவுன்சிலர்.

“வெளியீட்டு விழாவுல எழுந்து கேக்கப்போறேன். அந்த வரிய அடிக்காம விடமாட்டேன்” என்றேன் மனைவியிடம்.

“எங்கண்ணன் மானத்த வாங்காம வந்து சேருங்க.”

“இருந்தாத்தானே வாங்குறதுக்கு.”

விழாவும் அதே ஹாலில். இப்போது ஏசி போட்டிருக்கிறார்கள். பழைய ஆட்களெல்லாம் சால்வை கிடைக்கும் என்று முன்வரிசையில் குந்தியிருந்தார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள். நான் எழுந்தேன்.

“ஒருமனதாங்கிறது பொய். யாரும் சம்மதிச்சுக் கை தூக்கல. பழக்கத்துல தூக்குனோம்.”

மேடையிலிருந்தவர்கள் மச்சானைப் பார்த்தார்கள்.

“மாப்ளைக்கு எப்பவும் விளையாட்டுதான்” என்று இளித்தபடி அவர் பைக்குள் கைவிட்டார். அதே கொடி, சாயம் வெளுத்திருந்தது. எனக்கு நேராக விரித்துப் பிடித்தார்.

முன்வரிசைக் கைகள் எழுந்தன. போட்டோக்காரன் ஃபிளாஷ் அடித்தபோது என் வலக்கை தோளுக்கு மேலே போயிருந்தது. இடக்கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன்.