படத்தில் விட்டுப்போன சொல்

படம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மடியில் வைத்திருந்த சின்ன நோட்டில், ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறுவதுகூடத் தெரியாமல், அவள் இருட்டிலேயே பதினேழு குறைகளை எழுதியிருந்தாள். அப்பாவாக நடித்தவருக்குக் குரல் போதாது. அம்மா அழக் கூடாத இடத்தில் அழுகிறார். வீடு ரொம்பச் சுத்தம். நாலு பேர் புழங்குகிற வீட்டில் ஒரு நாற்காலி முதுகில்கூடத் துணி தொங்கவில்லை.

குறை சேரச் சேர அவளுக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. அவள் எழுதி, ஒன்பது வருடத்தில் இருபத்திரண்டு பதிப்பு கண்ட நாவல். படமாகிறது என்று செய்தி வந்ததும் வாசகர்கள் பதறிப்போய்க் கடிதம் எழுதினார்கள்: கெடுத்துவிடப் போகிறார்கள் மேடம், விட்டுவிடாதீர்கள். அவளும் கவலைப்படுவதுபோல் எல்லாருக்கும் பதில் போட்டாள். ஆனால் மனதின் அடியில் கிடந்தது வேறு. படம் சுமாராக வர வேண்டும். என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வருமா என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதை அவள் அடக்கமாகத் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று அந்த அடக்கத்தை அவள் பழகிக்கூடப் பார்த்திருந்தாள்.

முன்னோட்ட அரங்கில் மொத்தமே முப்பது நாற்காலிகள்தான். முன்வரிசையில் இயக்குநரும் எடிட்டரும். நடுவில் அவளும் பதிப்பாளரும். கடைசி வரிசை ஓரத்தில் அக்கா, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடித்து நேரே வந்தவள், வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தபடி உட்கார்ந்திருந்தாள். கதையே அக்காவுடையதுதான். அது ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்று உண்டு: புத்தகம் வந்த நாளிலிருந்து அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. "படிச்சேன்" என்றாள். அதோடு சரி. லட்சம் பேர் படித்து அழுத புத்தகத்துக்கு அந்த ஒருத்தியிடமிருந்து ஒரு சொல் வராதா என்று ஒன்பது வருடமாக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் படிக்கட்டு வந்தது. பதிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாவலில் எல்லாருக்கும் மனப்பாடமான இடம் அது. உடன் வேலை பார்ப்பவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் மூத்தவள். போனால் திரும்பி வராதே என்கிறார் அப்பா. ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு மாடியறையிலிருந்து இறங்குகிறாள். பாதிப் படியில் நிற்கிறாள் பதினெட்டு வயதுத் தங்கை. அக்கா தன்னைத் தாண்டிப் போகும்போது அவள் சொல்வது ஒரே சொல்: "இரு."

போகாதே என்று எடுத்துக்கொள்ளலாம். பொறு, நானும் வருகிறேன் என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கே போனாலும் நல்லபடியாக இரு என்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். அக்கா திரும்பிப் பார்க்காமலே போய்விடுகிறாள். அந்த ரெண்டெழுத்துதான் நமக்குச் சோறு போடுகிறது என்பார் பதிப்பாளர். சட்டையில் அச்சடித்தார்கள், காப்பிக் குவளையில் அச்சடித்தார்கள். ஒரு பல் டாக்டர், நோயாளிகள் காத்திருக்கிற அறையில் அதைச் சட்டம் போட்டு மாட்டி, படம் எடுத்து அவளுக்கே அனுப்பியிருந்தார்.

திரையில் மூத்தவள் இறங்கினாள். தங்கையாக நடித்த பெண் பாதிப் படியில் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகம் மெல்லத் திரும்பி, மேலே, திறந்து கிடந்த மாடியறையைப் பார்த்தது. கீழே கதவு சாத்துகிற சத்தம். அடுத்த காட்சி வந்துவிட்டது.

அவளுடைய பேனா நின்றுபோனது. யாரோ முதுகுக்குப் பின்னாலிருந்து சட்டைக்குள் ஐஸ்கட்டியைப் போட்டதுபோல் இருந்தது. மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

விளக்கு போட்டதும் நேரே இயக்குநரிடம் போனாள்.

"அந்தச் சொல் எங்க?"

இயக்குநர் எதிர்பார்த்துத்தான் இருந்தார். "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். அது நான் யோசிச்சு எடுத்தது இல்ல. அந்தப் பொண்ணு வசனத்தை மறந்துட்டா."

"ஒரு சொல்லையா?"

"ரெண்டு பக்க வசனத்தை மூச்சு விடாம ஒப்பிக்கிற பொண்ணு," என்றார் எடிட்டர். "ரெண்டெழுத்துல போய் மாட்டிக்கிச்சு."

"எடுத்துக்கொடுக்க எங்க அசிஸ்டென்ட் மேல ரூம் வாசல்ல பேப்பரோட நின்னாங்க," என்றார் இயக்குநர். "இவ வசனம் கிடைக்குமான்னு அவங்களைப் பார்த்தா. நடந்தது அவ்வளவுதான். ஆனா மானிட்டர்ல நான் பார்த்தது வேற. அக்கா ஒரேயடியா வீட்டை விட்டுப் போறா, தங்கச்சி காலியான ரூமைப் பார்க்கிறா. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு மேடம். கட் சொல்லவே மறந்துட்டேன். இந்தப் படத்துல நிஜமான ஒரு இடம்னா அதுதான்."

"அது தப்பு. என் கதையில அப்படி இல்ல. அவ சொல்றா."

"கேக்குறவங்களுக்கு அந்த மௌனத்துலயே அந்தச் சொல் கேக்கும்."

"எனக்குக் கேக்கல." தன் குரல் உயர்வது அவளுக்கே தெரிந்தது. ஒப்பந்தத்தில் அவள் போராடி வாங்கியது ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் காட்சியின் வசனத்தை அவள் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. அதை இப்போது ஞாபகப்படுத்தினாள். பதிப்பாளர், இருபத்துமூன்றாம் பதிப்பின் அட்டையிலேயே அந்தச் சொல்லைப் பெரிதாகப் போட்டாயிற்று என்றார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அக்கா கதவுகிட்ட போறப்போ முதுகு மட்டும்தானே தெரியுது, அங்க குரலைச் சேர்த்துடலாம். தங்கச்சி அதுக்கப்புறம்தான் மேல பார்க்கிற மாதிரி வெட்டிக்கலாம். வியாழக்கிழமை டப்பிங் ஸ்டுடியோவுக்கு வாங்க. அதுக்குள்ள ஒரு தடவை யோசிங்க மேடம்."

அக்கா கேன்டீனில் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி வாயாடி, அந்த மனுஷனை அந்தக் காய்ச்சு காய்ச்சின? அவர் முகம் ஊசி குத்திக்க வந்தவங்க முகம் மாதிரி ஆயிடுச்சு."

"செவுத்துக் கலர் சரியில்ல. அதான் சொல்லிட்டிருந்தேன்."

"கலரா? நம்ம வீட்டுக்கு ஏதுடி கலரு? பாதி பாசி, பாதி எண்ணெய்ப் பிசுக்கு." அக்கா சிரித்தாள். டீயை ஊதினாள். "நான் பயந்துகிட்டேதான் வந்தேன். ஆனா நல்லா எடுத்திருக்காங்க."

"உண்மையாவா சொல்ற?"

"அந்தப் படிக்கட்டை. அதையாவது சரியா எடுத்தாங்களே."

அவள் டம்ளரை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"அன்னிக்கு நீ ஒண்ணுமே சொல்லலையே," என்றாள் அக்கா. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பரிசோதனை முடிவை வாசித்துக் காட்டுகிற குரல். "நான் கீழ போய் செருப்பு மாட்டினேன். அது சும்மா காலை நுழைக்கிற செருப்பு. இருந்தாலும் வாரைப் போடுற மாதிரி குனிஞ்சுகிட்டு நின்னேன். அவ ஏதாவது சொல்லுவா, அவ வாய் சும்மா இருக்காதுன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் ஆச்சு. சரி, அழறா போல, அதான் பேச்சு வரலைன்னு தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீ ரூமைப் பார்த்துகிட்டு இருந்த."

கேன்டீனில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தச் சண்டையைக் கவனமாகக் கேட்டாள்.

இருவருக்கும் பொதுவான அந்த மாடியறையில் ஜன்னலோரக் கட்டில், ஒரே மேசை. இனி அவை இரண்டும் எனக்குத்தான். அந்த மத்தியானம் பாதிப் படியில் நின்றபோது அவள் மனதில் ஓடியது அது மட்டும்தான். வருத்தம் பிறகு வந்தது, இரண்டு நாள் கழித்து, நிதானமாக. ஆனால் முதலில் வந்தது மேசை. அந்த மேசையில் உட்கார்ந்துதான் எழுதக் கற்றுக்கொண்டாள். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். தனக்கே தெரியாது என்றுகூடப் பல வருடம் நினைத்திருந்தாள்.

"அக்கா, அது கதைக்காக..."

"புரியுதுடி. எழுதுறவங்க நாலு சேர்ப்பாங்க, நாலு எடுப்பாங்க. அதுக்கு நான் ஒண்ணும் நினைச்சுக்கல." அக்கா டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்தாள். "ஆனா பாரு, நீ கூப்பிட்டதா எழுதினதும் நான் கூப்பிட்டும் நிக்காதவளா ஆயிட்டேன். ரத்தம் கொடுக்க வர்றவங்க, கையில ஊசி ஏத்திட்டிருக்கும்போதே கேக்குறாங்க: நீங்கதானே அந்த அக்கா, தங்கச்சி அவ்வளவு ஆசையா கூப்பிட்டாங்களே, எப்படிம்மா மனசு வந்துச்சு? என் மகனே கேட்டான்."

"என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? அம்மா கேட்டப்பவே ஒண்ணும் சொல்லல. கண்ணை மூடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி உன் புத்தகத்தைத்தானே எழுத்துக் கூட்டிப் படிச்சுகிட்டு இருந்தா. 'சின்னவ கூப்பிட்டாளாமே, நீ திரும்பிக்கூடப் பார்க்கலையாமே, உனக்கு அப்பவே அவ்வளவு கல்நெஞ்சா'ன்னா. ஆமாம்மான்னுட்டேன். சாகப் போறவகிட்ட போய் உன்னைக் காட்டிக்கொடுக்கவா?" அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "விடு. இனிமே படத்தைப் பார்த்தவன் எவனும் என்னைக் கேக்க மாட்டான். அது போதும் எனக்கு."

வியாழக்கிழமை காலை, டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போகும் வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்தாள். வேண்டாம் சார், நீங்க எடுத்ததே சரி. இத்தனைதான் சொல்ல வேண்டும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தாளர் மனம் மாறுவது உலகத்தில் நடக்காததா?

உள்ளே பதிப்பாளர் புதிய அட்டையை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். தங்கையாக நடித்த பெண் நாவலை மார்போடு அணைத்தபடி எழுந்து நின்றாள்.

"மேடம், சாரி மேடம். பதினாலு தடவை படிச்சிருக்கேன், அந்த ஒரு இடத்துல போய் மறந்துட்டேன். ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல."

இயக்குநர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிச்சீங்களா மேடம்? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாரும் டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவோம்."

அவள் வாயைத் திறந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். ஏன் மேடம் என்று இந்தப் பெண் கேட்பாள். அட்டையை என்ன செய்வது என்று பதிப்பாளர் கேட்பார். ஏன் எடுத்தீர்கள் என்று லட்சம் பேர் கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கும்.

"முதல்ல கேட்டுப் பார்க்கலாமே," என்றாள். "கேட்டுட்டு முடிவு பண்ணலாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்று அந்தப் பெண் சொன்னாள்: "இரு!" தெருவில் ஆட்டோவை நிறுத்துகிற மாதிரி இருந்தது. எடிட்டர் இருமினார்.

"அவ்வளவு சத்தம் வேண்டாம்," என்று அவள் தன்னையறியாமல் சொன்னாள். அடுத்த முறை அழுகை தூக்கலாகிவிட்டது. "அழாதம்மா. அழறவ கூப்பிட மாட்டா." மூன்றாவதில் 'ரு' இழுத்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து, எந்த இடத்தில் மூச்சை நிறுத்த வேண்டும், எப்படிப் பாதிக் குரலில் தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வேலை அவளை இழுத்துக்கொண்டு போனது. ஒரு சொல்லைச் சரியாக வரவைப்பதுதானே அவளுக்குத் தெரிந்த ஒரே காரியம்? இவ்வளவு நுட்பமாகத் தெரிந்திருந்தும் அன்றைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தது. அப்போது அந்தப் பெண், "இப்போ மேடம்?" என்றாள்.

ஏழாவது முறை சரியாக வந்தது. பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் ஒலிப்பதிவாளரிடம், "சேர்த்துடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். முடிவு பண்ணலாமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் கேட்கும்படி வைத்துக்கொள்ளவில்லை.

படம் வெளியானது. முதல் நாள் பகல் காட்சியில் அந்த இடத்தில் தியேட்டரே விசும்பியது. வாசலில் ஒரு நிருபர் மைக்கை நீட்டி, வாசகர்களின் எதிர்பார்ப்பைப் படம் நிறைவேற்றியதா என்று கேட்டார்.

"புத்தகத்துல இருக்கிறதுல ஒரு சொல் குறையல," என்றாள். அது மறுநாள் தலைப்பாக வரும் என்று சொல்லும்போதே தெரிந்தது.

தியேட்டர் கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். புதிய பதிப்பில் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. அவள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது, இரண்டு கை தூரத்தில், தூணருகே அக்கா. டிக்கெட் வாங்கித் தனியாக வந்திருக்கிறாள். பார்த்து முடித்துவிட்டுத்தான் நிற்கிறாள். அவளை அடையாளம் கண்டுகொண்ட ஒரு பெண், மூக்கை உறிஞ்சியபடி, அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க அப்படிக் கூப்பிட்டாங்களே. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமே நீங்க?"

அக்காவின் பார்வை அந்தப் பெண்ணின் தலைக்கு மேலாக வந்து மேசையில் நின்றது. அதில் கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். ஊசி குத்துவதற்கு முன் நரம்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிற, நிதானமான பார்வை. சில விநாடி தேடியது. பிறகு விட்டுவிட்டது.

"கேக்கலைம்மா," என்றாள் அக்கா. "எனக்குக் காதுல விழல."

அந்தப் பெண் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அவள் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தாள்.

வரிசையில் அடுத்து நின்றவர் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். அவள் பேனாவைப் பக்கத்தின்மேல் வைத்தாள்.

"உங்க பேர் சொல்லுங்க," என்றாள்.