முழங்கை வரை நீலம்

பிரசவ வார்டில் மூன்றாவது குழந்தையும் காய்ச்சலில் இறந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணியிலிருந்து, கழுவாத கைகள் நீலமாகத் தெரியத் தொடங்கின.

முந்தைய வாரம்தான், நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நர்ஸ், நீலச் சாயத்தை எண்ணெயில் குழைத்து மற்ற நர்ஸ்களின் கைகளில் தடவி, கண்ணைக் கட்டிக்கொண்டு கழுவச் சொல்லியிருந்தார். கட்டை அவிழ்த்தால் நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் நீலம் அப்பியிருந்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், கண்ணால் பார்த்தால்தான் புத்தியில் ஏறும் என்பது அவர் கட்சி. கையிலிருந்து தொட்டிலுக்கு, தொட்டிலிலிருந்து தொப்புளுக்கு என்று கிருமி போகும் வழியையும் வரைந்து சுவரில் ஒட்டினார். ஆனால் வார்டுக் குழாயில் ஏழு மாதமாகத் தண்ணீர் இல்லை. நர்ஸ்கள் மூன்று மாடி இறங்கிக் குடத்தில் சுமந்தார்கள். குழாயைச் சரிசெய்யக் கேட்டு அவர் எழுதிய ஒன்பது கடிதங்களிலும் நிர்வாக அதிகாரி ‘பார்த்தேன்’ என்று எழுதித் திருப்பியிருந்தார்.

அன்று அதே அதிகாரி முதன்முறையாக வார்டுக்குள் கால் வைத்து, நர்ஸ்களை வரிசையாக நிற்கவைத்தார். “யாரோட அலட்சியம்னு இப்பவே தெரிஞ்சாகணும்” என்றார். நர்ஸ்களில் இரண்டு பேருக்கு நகத்தோரம் நீலம். பக்கத்தில் நின்ற பெரிய டாக்டருக்கு இரண்டு உள்ளங்கையும் நீலம்.

“நீங்களும் கையக் காட்டுங்க சார்” என்றார் பயிற்சி நர்ஸ்.

“யார்கிட்ட பேசறோம்னு தெரியுதா?”

“தெரியுது சார். இப்ப எல்லாருக்குமே தெரியுது.”

குழந்தையைப் பறிகொடுத்தவள் கட்டிலிலிருந்து இறங்கி வந்து அதிகாரியின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கை வரை நீலம்.

“இந்தக் கை எம்புள்ளையத் தொடவே இல்லையே. எப்படிய்யா?”

அதிகாரி சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டார். பயிற்சி நர்ஸ்தான் சொன்னார்: “ஒம்பது தடவ தண்ணி கேட்டோம்மா. இந்தக் கைதான் தரல.”

அவள் அதிகாரியின் காலடியில் காறித் துப்பினாள். துடைக்க யாரும் வரவில்லை.

பெரிய டாக்டர் விளக்கைக் குறை சொல்லி பல்புகளை மாற்றச் செய்தார். பிறகு கையுறை போட்டார். ஒரே உறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனதும் உறைமேலேயே நீலம் வந்தது. நான்காம் நாள் அவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்கினார். மூச்சிரைக்க ஏறி வந்து கழுவினார். நீலம் போயிற்று. அப்படியே நேராக அதிகாரியின் அறைக்குப் போய், கட்டடம் அதிரக் கத்தினார். இரண்டே நாளில் குழாயில் தண்ணீர் வந்தது.

தண்ணீரைப் பார்த்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பயிற்சி நர்ஸ் தட்டவில்லை. “ரெண்டு நாள் வேல! பாவிகளா, ரெண்டே ரெண்டு நாள் வேல!” என்று அலறி, சோப்புப் பெட்டியைச் சுவரில் வீசியடித்தார். அவரை யாரும் சமாதானப்படுத்தவில்லை. சமாதானம் சொல்ல என்ன இருந்தது?

அந்தக் காய்ச்சல் பிறகு வரவில்லை. நீலம் மட்டும் தினமும் வந்தது, கழுவினால் போனது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் ஷிப்ட் நேரத்தோடு சேர்த்து அதையும் சொல்லிவிடுவார்கள்.

அதிகாரிக்குப் போகவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், படிகாரம் எதற்கும் அசையவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து ஓய்வு பெறும் நாளில், புதிய குமாஸ்தா ஒருத்தி அவருக்கான படிவத்தை நிரப்பினாள். ‘அங்க அடையாளம்’ என்ற இடம் வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘இரு கைகளும் முழங்கை வரை நீலம்’ என்று எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவருக்குக் காட்டினாள்.