முனுசாமியின் கையிலிருந்த பாசி

முப்பத்துநாலாம் வருஷ மழையில் ஆயர் ஈத்தாம் என்ற மலையடிவார ஊரின் ஓடையில் முனுசாமி செத்துக் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்தார் என்றார், அவரைத் தோட்ட வேலைக்கு வைத்திருந்த துரை. ஆர்க்கிட் தொட்டிக்கு மலையுச்சி மரங்களில் பாசி உரித்து வரச் சொல்லி அதே துரைதான் அனுப்பினார் என்றாள் மனைவி ஜெயலெட்சுமி. வேலையில் செத்தார் என்று விசாரணையில் முடிவானால் அவளும் மூன்று பிள்ளைகளும் துரை கொடுத்த கூலி வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் தெருதான்.

பிணத்தைக் குளிப்பாட்டும்போது விரல்களுக்குள் இறுகியிருந்த பாசியை அவள் துணியில் முடிந்து என்னிடம் கொண்டுவந்தாள். எங்கள் தெருவில் தாவர சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது பெண்கள் பள்ளியில் தற்காலிக வேலை. அங்கே ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது.

"பாத்தா தெரியுமா டீச்சர்?"

"தெரியும்லா அக்கா. உச்சியில வளர்றது வேற, அடிவாரத்துல வளர்றது வேற."

காய்ந்து சுருண்டிருந்ததை நனைத்தேன். ஒரு நிமிடத்தில் இலைகள் விரிந்து பச்சையாயின. எரிச்சலாக வந்தது. மனுஷன் செத்தால் செத்ததுதான், இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்.

உச்சிப் பாசியின் இலையில் நடு நரம்பு நுனிவரை ஓடும். அடிவாரத்துப் பாசியில் பாதியிலேயே நின்றுவிடும். எட்டு இலை பார்த்தேன். பிறகு இருபது. எல்லாம் பாதியில் நின்றன. ஓடைக்கரையில் எந்த மரத்தைப் பிடித்தாலும் கையோடு வரும் பாசி.

அதனால் அவர் மலை ஏறவில்லை என்று ஆகிவிடாது. ஏறினார் என்றும் ஆகாது. நுனிவரை ஓடுகிறது என்றே கோர்ட்டில் சொல்லிவிட முடிவு செய்தேன். மறுத்துப் பேச அங்கே யாருக்குத் தெரியும்? பார்த்தது என்ன என்று ஜெயலெட்சுமியிடமும் சொல்லவில்லை.

விசாரணை நாளில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் செபாஸ்டியன் வாசலில் மறித்தார். எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர்.

"அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்குறாரு. பி.ஏ. படிச்ச மக பாசி தூக்கிட்டு வந்திருக்கியா?"

"நான் சாட்சி சொல்லணும் அண்ணே. உள்ள சொல்லுங்க."

சொன்னார். மாஜிஸ்திரேட் சிரித்தார். என் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. போதையில் தவறி விழுந்து மரணம் என்று பத்து நிமிடத்தில் எழுதி முடித்தார். இத்தனை வருஷம் படித்தும், அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லக்கூட எனக்குத் தகுதி இல்லை.

வெளியே ஜெயலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உண்மையச் சொல்லத்தான் வந்தீங்க. அவுங்க விடல. உச்சிப் பாசிதானே டீச்சர்? பிள்ளைங்க கேட்டா நான் சொல்லணும்லா."

"ஆமாக்கா" என்றேன்.

சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். சாமான் கட்ட அவளோடு போனேன்.