பக்கம் சுத்தமாக இருந்தது

முதியோர் இல்லத்தில் பகல் டியூட்டியை முடித்துவிட்டு, சீருடைக்கு மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தாள் அவள். துறை அலுவலகத்துக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் இடுப்பு வலி தெரிந்தது. பக்கத்தில் காத்திருந்த பிள்ளைகளுக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது. அதில் ஒருத்தி அவளை யாருடைய அம்மாவோ என்று நினைத்து, "உங்க பொண்ணு எந்த வருஷம் ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் சிரித்து வைத்தாள். விளக்கம் சொல்லத் தெம்பு இல்லை.

போன வாரம் வந்த மின்னஞ்சல் சுருக்கமாகத்தான் இருந்தது. அவளுடைய அசைன்மென்ட்டில் மற்றவர்கள் எழுதிய வரிகள், யாருடையவை என்ற குறிப்பே இல்லாமல், அப்படியப்படியே இருக்கின்றன; நேரில் வந்து விளக்கம் தரவும். தான் அனுப்பியதைத் திறந்து பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புதான்.

பட்டம் இருந்தால்தான் இல்லத்தில் பொறுப்பாளர் ஆக முடியும் என்று நிர்வாகம் சொன்னதால் பகுதிநேரப் படிப்பில் சேர்ந்தவள் அவள். சேரச் சொல்லித் தூண்டியது கணவர். அவர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவர். விசிட்டிங் கார்டு, விலைப்பட்டியல், நோட்டீஸ் என்று எது வந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி செய்துகொடுப்பார். "எங்க வீட்டம்மா டிகிரி படிக்கிறாங்க" என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

சாப்பிட மறுக்கும் முதியவர்களை எப்படிக் கவனிப்பது என்பதுதான் அசைன்மென்ட்டின் தலைப்பு. பஸ்ஸிலும், துணி துவைக்கும் மெஷின் ஓடி முடிக்கும் இடைவெளியிலும் படித்துப் படித்து எழுதினாள். எந்த வரியை எங்கிருந்து எடுத்தாளோ அதற்கு மேற்கோள் குறி போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயரும் வருஷமும் போட்டிருந்தாள். கடைசி வாரம் உடன் வேலை செய்கிறவர்கள் லீவு போட்டுவிட, இவள் தலையில் இரட்டை ஷிஃப்ட் விழுந்தது. பக்க எண் போட்டு, ஓரத்தை மட்டும் சரிசெய்து தரும்படி கணவருக்கு அனுப்பினாள்.

அவர் மட்டும் என்ற சொல்லுக்குக் கட்டுப்படுகிற ஆள் இல்லை. அவர் கண்ணுக்கு அந்தப் பக்கங்கள் அம்மை போட்ட முகம் மாதிரி தெரிந்தன. வரிக்கு வரி அடைப்புக்குறி, அதற்குள் ஒரு பெயர், ஒரு வருஷம். அந்தப் பெயர்கள்தான் கடைசிப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றனவே, எதற்கு இரண்டு தடவை? மேற்கோள் குறிகளைப் போனில் தட்டும்போது தவறி விழுந்தவை என்று நினைத்தார். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டி முடித்து அடுத்தவரைக் குளிக்க வைக்கப் போகும் நடுவில் அவள் அதைத் திறந்து, தன் பெயர் அழகாக நிற்கிற முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சமர்ப்பித்துவிட்டாள். அது அவள் பங்குக்கான தப்பு.

மின்னஞ்சல் வந்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் இடிந்துபோவார். அவரைத் தேற்றுகிற வேலையும் தன் தலையில்தான் விழும். துறை விதிகளையும் படித்துப் பார்த்தாள். மாணவர் எழுதியதில் இன்னொருவர் கைவைப்பது குறிப்பில்லாமல் வரிகளை எடுப்பதைவிடப் பெரிய குற்றம் என்று போட்டிருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னால், ஆள் வைத்து எழுதியவள் என்று ஆகிவிடும்.

உள்ளே கூப்பிட்டார்கள். விரிவுரையாளர் அம்மாவும் களைத்துத்தான் இருந்தார். மேஜையில் திருத்தாத தாள்கள் குவிந்து கிடந்தன. கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய அசைன்மென்ட், மற்றவர் வரிகள் இருந்த இடமெல்லாம் பட்டை பட்டையாகச் சிவந்திருந்தது.

"உட்காருங்க. டியூட்டியிலேர்ந்து நேரா வர்றீங்களா?"

"ஆமா மேடம்."

"எனக்கு ஒண்ணு புரியல. திருடுறவங்க தடயத்தை மறைப்பாங்க. நீங்க கடைசிப் பக்கத்துல எல்லார் பேரையும் ஒழுங்கா போட்டிருக்கீங்க. உள்ள மட்டும் ஒண்ணுமே இல்ல. எப்படி?"

"போட்டிருந்தேன் மேடம். அப்புறம் எடுத்தாச்சு."

"ஏன்?"

"பக்கம் பாக்க நல்லா இல்ல. ஒரே அடைப்புக்குறி. பேருதான் கடைசியில இருக்கேன்னு..."

சொல்லும்போதே அது யாருடைய பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே சற்று நேரம் பார்த்தார்.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா மேடம்."

"சரி. அப்படியே எழுதிக்கிறேன்."

நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டுமென்று செய்த திருட்டு இல்லை, கவனக்குறைவு என்று முடிவானது. முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். எவ்வளவு நன்றாக எழுதினாலும் பாஸ் மார்க்குக்கு மேல் கிடையாது. அதுவரை இந்தக் கடைசிப் பருவத்தின் ரிசல்ட் நிறுத்திவைக்கப்படும். இன்னொரு தடவை இப்படி வந்தால் தன் கையில் எதுவும் இருக்காது என்று சொல்லி அனுப்பினார்.

ரிசல்ட் காத்திருந்தது, இல்லத்தில் காலியாகியிருந்த பதவி காத்திருக்கவில்லை. படுக்கையில் கிடப்பவரை நோகாமல் புரட்டிப் போட இவளிடம் கற்றுக்கொண்ட, பட்டம் வாங்கிய சின்னப் பெண் ஒருத்தி பொறுப்பாளர் ஆனாள். நல்ல பெண்தான். ஷிஃப்ட் அட்டவணையைக் கொடுக்கும்போது இவள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டாள். இவளே அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை நாத்தனார் போன் செய்தாள். "என்ன அண்ணி, பெரிய பதவியெல்லாம் வந்துட்டா எங்களை மறந்துடுவீங்களா?" என்று கேலி பண்ணினாள். வேறொருத்திக்குப் போய்விட்டது என்று இவள் சொன்னது பக்கத்தில் இருந்த கணவர் காதில் விழுந்தது. மனிதருக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. இல்லத்து நிர்வாகியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப் போவதாகச் சட்டையை மாட்டினார். இனி மறைக்க முடியாது என்று அவள் நடந்ததைச் சொன்னாள்.

ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதையெல்லாம் நான்தானே எடுத்தேன்."

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உடைஞ்சுபோவீங்க. ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்து உங்களை உக்கார வச்சுத் தேத்த எனக்குத் தெம்பு இல்லங்க."

அவர் மறு கையையும் சட்டைக்குள் நுழைத்து, தானே போய் அந்த விரிவுரையாளர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினார்.

"நீங்க போய் நின்னா சின்னத் தப்பு பெரிய தப்பாயிடும். நான் வேற பொய் சொன்னவளாயிடுவேன். ஒண்ணும் பண்ணாம இருங்க. அதுவே பெரிய உதவி."

அவருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறு இல்லை. சமையலறைக்குள் போனார். அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அவள் திரும்ப எழுதினாள். அவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி விலகிப் போவார். வராத கோபம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் இன்னொரு தடவை தேய்த்தாள். கணவர் வாசல்படியில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. அந்த மட்டுக்கு அவருக்குப் புத்தி இருந்தது. கடைசிப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இந்த முறை ஒரு சிவப்புப் பட்டைகூட விழவில்லை. பாஸ் மார்க் வந்தது. பட்டம் ஒரு பருவம் தள்ளிப் போனது. அடுத்த பொறுப்பாளர் பதவி எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

ரிசல்ட் வந்த அன்று அவள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். கணவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"மார்க் போட்டாச்சுல்ல. இப்ப நான் படிக்கலாமா?"

லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கங்கள் நகர நகர அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இதுல ஒரு பெரியவர் வர்றாரே, ஸ்பூனைத் தட்டிவிடுறவர். நீ உன் தட்டைக் கொண்டுபோய் அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டதும் அவரும் வாயத் திறந்தார்னு எழுதியிருக்கியே."

"ம்."

"அது எந்தப் புஸ்தகத்துல இருக்கு? பேரு போடலையே?"

"அது புஸ்தகம் இல்லங்க. நான் பண்ணினது."

அவர் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்காரு?"

"போன மாசம் போயிட்டாரு. கடைசி வரைக்கும் சாப்பிட்டாரு."

அவர் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து மிச்சப் பக்கங்களைப் படிக்கத் தொடங்கினார். காலையில் சீக்கிரம் ஷிஃப்ட். எழுப்பிவிடச் சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்தாள்.