ஏழாம் கூண்டுக்கு வெறும் தண்ணீர்

ரெங்கம்மா செய்தது தப்புதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் அவளைத் திட்டுங்கள், கண்ணுகளா.

நம் தீவில் சிப்பிகாட் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுவது அவள் வேலை. பன்னிரண்டு கூண்டு. முதல் ஆறுக்கு வெறும் தண்ணீர். ஏழாவதிலிருந்து சாராயம் கலந்த தண்ணீர். நெடுநாள் குடி உடம்பை என்ன செய்கிறது என்று பானு என்கிற மாணவி ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்த எலிகள் தீனியைத் தொடாமல் இளைத்தன. காகிதக் கீற்றுப் போட்டால்கூட இழுத்துக் கூடு கட்டாமல் மூலையில் கிடந்தன.

வீட்டில் புருஷன் நல்லதம்பியும் அப்படித்தான் கிடந்தான். ஹட் பே ஊரில் தோட்ட வேலை பறிபோனதிலிருந்து குடி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "இனி இந்த ஒடம்பு திரும்பவா போகுது? சோடோ, விடு புள்ள" என்பான்.

திரும்புமா, திரும்பாதா? யாரைக் கேட்பது? ஒருநாள் ஏழாம் கூண்டின் பாட்டிலைக் கழுவி, யாருக்கும் சொல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி மாட்டிவிட்டாள்.

இரண்டு நாள் எலி நடுங்கியது. கொன்றுவிட்டோமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வாரம் தீனித்தட்டு காலி. காகிதக் கீற்றெல்லாம் கிண்ணம்போலக் குவிந்திருக்க, நடுவில் எலி சுருண்டு தூங்கியது.

எடை போட்ட பானு தராசைத் தட்டிப் பார்த்தாள். "அக்கா, இது மட்டும் எப்படி ஏறுச்சு?"

ரெங்கம்மா சொல்லிவிட்டாள்.

"அய்யோ! அஞ்சு மாச வேலை அக்கா! என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விடுவீங்களா மேடம்? வேலைய விட்டுத் தூக்கிருங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்காகக் கேக்குறேன். திரும்பிருச்சா?"

பானு எலியைக் கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள். கோபம் எங்கோ போயிருந்தது.

"எடை திரும்பியிருக்கு. ஈரல் எப்படியோ தெரியாது. எலி வேற, மனுஷன் வேறக்கா. அவரை இப்படித் திடீர்னு நிறுத்தவெச்சுடாதீங்க, உசுருக்கே ஆபத்து. டாக்டர் மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்." நடந்ததை நடந்தபடியே நோட்டில் எழுதினாள். "நாளைக்கு லீவு எடுத்துக்கிட்டு அவரைக் கூட்டிட்டுப் போங்க."

அன்றிரவு வீட்டில் அவள் எலிக் கதையைச் சொன்னதும் நல்லதம்பி சிரித்தான். "என்னையும் எலியோட சேத்துட்டியா?"

"ஒங்களவிட எலி தேவல. அது கூடு கட்டுது. நீங்க கொசுவலைகூடக் கட்டுறதில்ல."

"நெசமாவே தின்னுச்சா?"

"தட்டக் காலி பண்ணிருச்சுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நல்லதம்பிதான் முதலில் கை காட்டினான்.