நாற்பத்தொரு சிஸ்டர்களும் நான்காம் நம்பர் கம்ப்யூட்டரும்

கண்ணாயிரம் அண்ணனின் பிரவுசிங் சென்டர் செங்கம் ரோட்டில், ஜூஸ் கடைக்கு மாடியில் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்கள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள். என்னிடம் யாரும் ஜாஸ்தி பேச மாட்டார்கள். அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பேசிய ஒரே ஆள் சிஸ்டர் ரெஜிஸ். கன்னியர் மடத்திலிருந்து மாதம் ஒருமுறை ஆட்டோவில் வருவார். எழுபத்தெட்டு வயது. நான்காம் நம்பரில்தான் உட்காருவார். எட்டு வருடங்களுக்கு முன்பு அவரே கற்றுக்கொண்டு மடத்துக்கு ஒரு வெப்சைட் செய்திருந்தார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த இடம். முகப்பில் மெழுகுவர்த்தி ஆடும். உள்ளே, இறந்துபோன நாற்பத்தொரு சிஸ்டர்களுக்கு ஆளுக்கொரு பக்கம்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிஸ்டரின் நினைவு நாளன்று மதியச் சாப்பாட்டில் அவரைப் பற்றிய குறிப்பை ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவார்கள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளில் எல்லாருடைய குறிப்பையும் வாசிக்க வேண்டும். பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. மாதாமாதம் சிஸ்டர் ரெஜிஸ் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போன காகிதங்களின் பின்பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது வெப்சைட் மட்டும்.

2009 அக்டோபரில் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. இருபத்தாறாம் தேதி, திங்கட்கிழமை, எல்லாப் பக்கங்களையும் அழிக்கப்போகிறார்களாம்.

சிஸ்டர் ரெஜிஸ் சிக்குன்குனியாவில் படுத்திருந்தார். போன் செய்தார்.

"நாப்பத்தொரு பேரையும் உன்கிட்ட விட்டுட்டேன் சிந்துஜா. ஒருத்தரும் ரெண்டாவது தடவ சாகக் கூடாது."

பிரிண்டர் ரிப்பேருக்கு வேலூர் போயிருந்தது. நான் நாற்பத்தொரு பக்கங்களையும் ஒரு சிடியில் போட்டேன். அறிவியல் படித்தவள் என்பதால் மூன்று முறை சோதித்தேன். ஒவ்வொன்றும் திறந்தது. மடத்தின் தலைவி மதர் அமலோற்பவத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

மதர் சிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எழுத்தே இல்லையே."

"உள்ள இருக்கு மதர்."

"இதுக்கு உள்ளேனு ஒண்ணு ஏது?"

சிடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை லீவு போட்டேன். வேங்கிக்காலில் ஒரு சான்றிதழ் வேலை. திங்கட்கிழமை வந்தபோது கண்ணாயிரம் அண்ணன் படியிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ இல்லாத நாளாப் பாத்து ஒம்பது சிஸ்டருங்க வந்துட்டாங்க. ஆளுக்கொரு நோட்டு, ஸ்கேலு, ரப்பரு. காலைல ஒம்பதுக்கு உக்காந்தவங்க சாயங்காலம் அஞ்சுக்குத்தான் எழுந்தாங்க. சென்டரே பரீட்சை ஹாலு மாதிரி ஆயிடுச்சு. ஒரு இத்தாலிக்காரன் செருப்பக் கழட்டிட்டு மெதுவா உள்ள வந்தான்."

"எதுக்குண்ணா?"

"வெப்சைட்ட கையால காப்பி எடுக்க. மதரு உத்தரவாம். கண்ணுக்குத் தெரியிறதெல்லாம் அப்படியே எழுதணும், ஒரு புள்ளி கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. ஒரு சிஸ்டரு ஆடுற மெழுகுவர்த்திய ஏழு தடவ வரைஞ்சாங்க. இன்னொருத்தரு பாவம். எத்தன பேரு பாத்தாங்கனு கீழ ஒரு நம்பர் வருமே, அத எழுதுவாங்க. பக்கத்துல இருக்கவங்க தொறந்தா நம்பர் ஏறிடும். அழிச்சிட்டு மறுபடி எழுதுவாங்க. ரப்பரே தீந்துபோச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதர் ஒன்பது நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு, கண்ணாடி போட்ட சிஸ்டர் லிட்வினையும் கூட்டிக்கொண்டு வந்தார். நோட்டையும் சிடியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். நான்காம் நம்பரில் சிடியைப் போட்டேன். முதல் பெயரைச் சொடுக்கினேன். பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. இரண்டாவது. கிடைக்கவில்லை. நாற்பத்தொன்றையும் சொடுக்கினேன்.

அப்போதுதான் புரிந்தது. நான் சிடியில் போட்டது பக்கங்களை அல்ல, பக்கங்களுக்குப் போகும் வழியை, வெறும் லிங்கை. மூன்று முறை சோதித்தபோதும் இணையத்தைத் துண்டிக்கவில்லை. வழி இருக்கிறது, போய்ச் சேர வீடு இல்லை.

அழுகை வந்தது. மதருக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்தது. மேசைக்கு அடியில் ஒயரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"எழுந்திரும்மா," என்றார் மதர். "அதான் நோட்டு இருக்கே."

நோட்டைத் திறந்தேன். மணிமணியான கையெழுத்து. ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. தொப்பி போட்ட ஆங்கில ஏ, வால் வைத்த சி, தலைகீழ்க் கேள்விக்குறி, பவுண்டு அடையாளம். பக்கம் பக்கமாக அதுதான்.

சிஸ்டர் ரெஜிஸ் பழைய தமிழ் ஃபான்ட் ஒன்றில் எழுதியிருந்தார். அது நான்காம் நம்பரில் மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமை முழுக்க நான்காம் நம்பரில் ஒரு ஜெர்மன்காரர் உட்கார்ந்திருந்தாராம். மற்ற கம்ப்யூட்டர்களில் தமிழ் இப்படித்தான் தெரியும்.

"மதர், இது என்னனு நெனச்சு எழுதினீங்க?"

"லத்தீன்," என்றார் மதர்.

"கடைக்காரரும் பாரின் பாஷைதான்னு சொன்னாருங்க," என்றார் சிஸ்டர் லிட்வின்.

கண்ணாயிரம் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஆனா மாசாமாசம் தமிழ்லதானே வாசிச்சீங்க?"

"சிஸ்டர் ரெஜிஸ் மொழிபெயர்த்துக் கொண்டாராங்கனு நெனச்சோம். ரொம்பப் படிச்சவங்க."

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி கூட்டவில்லை, குறைக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு இது கிறுக்கல் இல்லை. இதுதான் தமிழ். நான்காம் நம்பரில் அந்த ஃபான்டை எடுத்து, நோட்டின் முதல் வரியை அடையாளம் அடையாளமாகத் தேடி அடித்தேன். திரையில் மெதுவாக வந்தது.

'சிஸ்டர் எமிலியானா. சமைக்கத் தெரியாது. முப்பது வருடம் சமைத்தார். அனைவரும் மன்னித்தோம்.'

மதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சிஸ்டர் லிட்வின் திரைக்கு மிக அருகில் போய்ப் படித்துவிட்டு, "அந்த சாம்பார்!" என்றார்.

புதன் முதல் ஞாயிறு வரை, முறைவைத்து இரண்டிரண்டு சிஸ்டர்களாக வந்தார்கள். ஒருவர் ஜெபம் சொல்வதுபோல வாசிப்பார். "தொப்பி ஏ. வால் சி. மேல ரெண்டு புள்ளி வச்ச யூ." மற்றவர் நோட்டில் விரல் வைத்து, "ஆமென்" என்பதுபோல "சரி" என்பார். நான் அடிப்பேன். நாள் முழுக்க மற்றவர்களோடு அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு வெளிநாட்டுப் பெண் இது தியான வகுப்பா, எப்போது சேரலாம் என்று கேட்டாள். கண்ணாயிரம் அண்ணன் யோசித்துவிட்டு, சீட் இல்லை என்றார்.

முப்பத்தாறு பேர் பிழையில்லாமல் வந்துவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர் சிஸ்டர் லிட்வினின் நோட்டில் இருந்தார்கள். அவருக்குக் கண்ணில் புரை.

"தொப்பியெல்லாம் ஸ்கிரீன்ல தூசினு நெனச்சேன்," என்றார். "தொடச்சுப் பாத்தேன். போகல. தூசிய எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்."

நான்கு பேரைச் சிஸ்டர் ரெஜிஸ் படுக்கையிலிருந்தே போனில் சொல்லி மீட்டார். கடைசியாக சிஸ்டர் கோன்ஸ்தான்ஸ். 1962-இல் இறந்தவர். அவரைப் பார்த்தவர் சிஸ்டர் ரெஜிஸ் ஒருவர்தான்.

"என்ன எழுதினேன்னு ஞாபகமே இல்லம்மா," என்றார். "இருக்கறத அடி. நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணா இருக்கட்டும்."

திங்கட்கிழமை கல்லறைத் திருநாள். வேலூரிலிருந்து திரும்பிய பிரிண்டரில் அச்செடுத்துக் கொடுத்த என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சிஸ்டர் ரெஜிஸை நாற்காலியோடு தூக்கி வந்து உட்கார வைத்திருந்தார்கள். மதர் வாசித்தார். நாற்பது பேருக்கு யாரும் பேசவில்லை. எமிலியானாவுக்கு மட்டும் இரண்டு மூன்று பேர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிறகு மதர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, தாளில் இருந்ததை இருந்தபடியே வாசித்தார்.

"சிஸ்டர் கோன்ஸ்தான்ஸ். ழக பப்த மொளச்சு. த்த்தூ பவ லிழ்ம்."

சாப்பாட்டு அறை அப்படியே நின்றது. நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். விதியை மீறி முதலில் வாய் திறந்தவர் சிஸ்டர் ரெஜிஸ்.

"அவங்கதான்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாயில ஒரு பல்லு கெடையாது. பேசினா அச்சா இப்படியேதான் இருக்கும்."